வேலையில் பாகுபாடா? வடசென்னையில் புதிதாக வேலைக்குப் போகிறவர்கள் எங்கே, எப்படிப் புகார் செய்வது

பாரிமுனைப் பக்கம் ஒரு கம்பெனியில் எனக்கு முதல் இன்டர்வியூ. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். எதிரே இருந்தவரும் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். விண்ணப்பத்தைப் புரட்டி முகவரியைப் பார்த்ததும், "வியாசர்பாடியா?" என்றார். ஆமாம் என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, "சொல்லி அனுப்புறோம்" என்றார். யாரும் சொல்லி அனுப்பவில்லை.

அன்றைக்கு எனக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அது தனியார் கம்பெனி. முகவரியைப் பார்த்து ஆளை ஒதுக்கும் தனியாரை நேராகத் தடுக்கிற சட்டம் இந்தியாவில் இல்லை. அதே காரணத்துக்காக ரயில்வேயோ துறைமுகமோ என்னை ஒதுக்கியிருந்தால் அரசியலமைப்பின் 16ஆவது பிரிவு குறுக்கே நின்றிருக்கும். மதம், இனம், சாதி, பால், வம்சாவளி, பிறந்த இடம், வசிக்கும் இடம் ஆகியவற்றை மட்டும் காரணமாக வைத்து அரசு வேலையில் யாரையும் ஒதுக்கக் கூடாது என்கிறது அது. "வசிக்கும் இடம்" என்ற அந்த இரண்டு சொல்லைப் பல வருஷம் கழித்துத்தான் படித்தேன். படித்த அன்று இரவு தூக்கம் வரவில்லை.

இப்போது எங்கள் தெருப் படிப்பகத்தில் வாரக் கடைசியில் மனு எழுதிக் கொடுக்கிறேன். முதல் வேலைக்குப் போன பிள்ளைகளும், பல வருஷம் வீட்டில் இருந்துவிட்டு இப்போது வேலைக்குப் போகத் தொடங்கிய அக்காமார்களும் வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

"எனக்கு அநியாயம் நடந்துவிட்டது" என்று மட்டும் போய் நின்றால் எந்த அலுவலகமும் அசையாது. எதைக் காரணமாக வைத்து ஒதுக்கினார்கள், உங்கள் முதலாளி யார், கையில் என்ன காகிதம் இருக்கிறது, இந்த மூன்றையும் கேட்பார்கள். எல்லாப் பாகுபாட்டுக்கும் சேர்த்து ஒரே சட்டம் நம் நாட்டில் கிடையாது. பெண் என்பதற்கு ஒரு சட்டம், சாதிக்கு ஒன்று, மாற்றுத்திறனாளிக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கின்றன. எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிந்துகொள்வதிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

முதல் வேலை: ஒரு நோட்டு

நாற்பது பக்க நோட்டு போதும். நடந்த அன்றே எழுதுங்கள். தேதி, நேரம், இடம், சொன்னவர் யார், சொன்ன வார்த்தை என்ன, பக்கத்தில் யார் யார் நின்றார்கள். அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள். "கேவலமாகப் பேசினார்" என்று எழுதினால் ஆறு மாதம் கழித்து அது உங்களுக்கே உதவாது. பக்கத்தில் நின்றவர்கள் யார் என்பதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சாதி பற்றி எழுதும்போது அதற்கு வருகிறேன்.

வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், ஆனால் அந்தப் போனையும் பத்திரமாக வைத்திருங்கள். வழக்கு என்று வந்தால் மூலம் எங்கே என்று கேட்பார்கள். வேலைக்கு எடுத்த கடிதம், பே ஸ்லிப், ஐடி கார்டு எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள். வேலையை விட்டு நிறுத்தும்போது முதலில் பிடுங்குவது ஐடி கார்டைத்தான்.

வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். "நானே விருப்பப்பட்டு விலகுகிறேன்" என்று எழுதிக் கேட்டால், வீட்டில் கேட்டுவிட்டு நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். கர்ப்பமாக இருந்த ஒரு பெண்ணிடம் இப்படித்தான் எழுதி வாங்கியிருந்தார்கள். சட்டம் முழுக்க அவர் பக்கம் இருந்தும், அந்த ஒரு தாளைத் தாண்டி வர நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

உங்கள் முதலாளி யார்?

கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் வடசென்னையில் இதுதான் சிக்கலான கேள்வி. மணலி சுத்திகரிப்பு ஆலைக்குள்ளோ, உரத் தொழிற்சாலைக்குள்ளோ, துறைமுகத்துக்குள்ளோ தினமும் போய் வருகிறவரிடம் எங்கே வேலை என்று கேட்டால் அந்தப் பெரிய பெயரைத்தான் சொல்வார். ஐடி கார்டைத் திருப்பிப் பார்த்தால் ஒரு கான்ட்ராக்டர் பெயர் இருக்கும். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பாஸ்புக்கில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பதிவில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். காகிதத்தில் உங்கள் முதலாளி அவர்தான்.

2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், பெரும்பாலும் பெண்கள், ரிப்பன் மாளிகை முன்னால் இரவு பகலாக உட்கார்ந்திருந்தார்கள். தங்கள் வேலையைத் தனியாரிடம் ஒப்படைப்பதை எதிர்த்து நடந்த போராட்டம் அது. சம்பளம் ஒரு பக்கம் இருக்கட்டும். முதலாளி மாறினால் எந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும் என்பதே மாறிவிடுகிறது. நேரடி அரசு வேலை என்றால் அரசியலமைப்பின் 14 (சட்டத்தின் முன் எல்லாரும் சமம்), 16ஆவது பிரிவுகளைச் சொல்லி உயர் நீதிமன்றத்துக்கே போகலாம். தமிழ்நாட்டின் 69 சதவீத இட ஒதுக்கீடும் அங்கேதான். அரசுத் துறைகளில் தினக்கூலியாகவும் தற்காலிகமாகவும் இருப்பவர்களுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் சொன்னது. கான்ட்ராக்டர் தனியார் என்றால் இந்தக் கதவுகள் அவ்வளவு எளிதில் திறக்காது.

எதைக் காரணமாக வைத்து ஒதுக்கினார்கள்?

பெண் என்பதால் குறைந்த சம்பளம் என்றால், 1976இல் வந்த சம ஊதியச் சட்டத்தைப் பெரியவர்கள் சொல்வார்கள். அது இப்போது ஊதியச் சட்டத் தொகுப்பு 2019க்குள் போய்விட்டது. நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தன. மனுவில் பழைய பெயரை எழுதிவிட்டோமே என்று பதற வேண்டாம், சாரம் அதேதான். ஒரே வேலை அல்லது ஒரே மாதிரியான வேலை என்றால் ஆணுக்கு ஒரு சம்பளம் பெண்ணுக்கு ஒரு சம்பளம் கூடாது. ஆள் எடுக்கும்போதும் அந்த வேறுபாடு கூடாது. பதவியின் பெயரை மாற்றி வைத்துத் தப்பிக்கப் பார்ப்பார்கள். ஆணுக்கு "ஆபரேட்டர்", பெண்ணுக்கு "ஹெல்பர்". மெக்கின்னன் மெக்கன்சி என்ற பம்பாய்க் கப்பல் கம்பெனியின் பெண் ஸ்டெனோகிராபர் ஒருவர் போட்ட வழக்கில் 1987இலேயே உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. உண்மையில் செய்யும் வேலை என்ன என்றுதான் பார்க்க வேண்டும். ஆகவே நோட்டில் இரண்டு பேரும் ஒரு நாள் முழுக்க என்னென்ன செய்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

கர்ப்பம், பிரசவம் என்றால் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. அந்த விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நிறுத்துவது செல்லாது. 50 பேர், அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் பணம் அங்கிருந்து வரும். அதை முதலாளி கையிலிருந்து எதிர்பார்த்துக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள்.

பாலியல் தொல்லை என்றால் 2013ஆம் ஆண்டுச் சட்டம். 10 பேர், அதற்கு மேல் வேலை செய்யும் எல்லா இடத்திலும் இந்தப் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். தலைவர் பெண், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியாள் ஒருவரும் இருக்க வேண்டும். கடைசியாக நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டலாம். எழுதத் தெரியாது என்றால் எழுத உதவ வேண்டியது குழுவின் கடமை. விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். பலருக்குத் தெரியாத ஒன்று: கான்ட்ராக்டில் இருப்பவர்களும் பயிற்சியில் இருப்பவர்களும் தாங்கள் வேலை செய்யும் பெரிய நிறுவனத்தின் குழுவிலேயே புகார் கொடுக்கலாம். "நீ எங்க ஆளே இல்லை" என்று அவர்கள் கைகழுவ முடியாது. பத்துப் பேருக்குக் குறைந்த கடை, வீட்டு வேலை, அல்லது முதலாளி மீதே புகார் என்றால் மாவட்டத்தில் உள்ள உள்ளூர்க் குழுவுக்குப் போக வேண்டும். கீழ்ப்பாக்கம், அண்ணாநகர் வீடுகளுக்கு நம் தெருக்களிலிருந்து தினமும் எத்தனை பெண்கள் போகிறார்கள்! அவர்களுக்கும் இந்தச் சட்டம் உண்டு என்பதை யாராவது வாய் வலிக்கச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

சாதி. இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். சாதியைப் பார்த்து வேலைக்கு எடுக்காத தனியாரைத் தண்டிக்கப் பொதுவான சட்டம் இல்லை. ஆனால் பட்டியல் சாதி, பழங்குடியினர் மீது வேலையிடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதும், வேண்டுமென்றே அவமானப்படுத்துவதும் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். நம் ஊரில் இன்னும் இதை "பி.சி.ஆர். கேஸ்" என்றுதான் சொல்கிறோம். அது 1955ஆம் ஆண்டு வந்த வேறொரு சட்டத்தின் பெயர். ஸ்டேஷனில் சரியான பெயரைச் சொல்லுங்கள். அவமானப்படுத்தியது "பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில்" நடந்திருக்க வேண்டும். பூட்டிய அறைக்குள் நீங்களும் சூப்பர்வைசரும் மட்டும் இருந்தால் வழக்கு நிற்பது கஷ்டம். யார் பக்கத்தில் நின்றார்கள் என்று எழுதச் சொன்னது இதற்குத்தான். வாயால் சொன்னாலும் போலீஸ் எழுதிக்கொள்ள வேண்டும். எழுதியதை உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். நகலை இலவசமாகத் தர வேண்டும். விசாரிப்பவர் டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாதவராக, சென்னை நகரில் என்றால் உதவி ஆணையராக இருக்க வேண்டும். மலக்குழியில் மனிதரை இறக்குவது தனிக் குற்றம், அதற்கு 2013ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. "ஒரு தடவைதானே, இறங்கு" என்று எந்த மேஸ்திரி சொன்னாலும் இறங்காதீர்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கு 2016ஆம் ஆண்டுச் சட்டம். அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு இருப்பது எல்லாருக்கும் தெரியும். தனியாரும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும் என்பது தெரியாது. 20 பேர், அதற்கு மேல் இருந்தால் அதற்கென்று ஒரு தொடர்பு அலுவலரையும் வைக்க வேண்டும். இன்டர்வியூவுக்குப் போகுமுன்பே "உங்கள் சம வாய்ப்புக் கொள்கையை அனுப்புங்கள்" என்று ஒரு மெயில் போடுங்கள். வேலையில் இருக்கும்போது கை காலில் பாதிப்பு வந்தால் அரசு நிறுவனம் உங்களை நீக்க முடியாது. வேறு பணிக்கு மாற்ற வேண்டும். எங்கும் தீரவில்லை என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் கொடுக்கலாம்.

திருநங்கை, திருநம்பி என்றால் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆள் எடுப்பதிலோ பதவி உயர்விலோ எந்த நிறுவனமும், தனியாரும்கூட, பாகுபாடு காட்டக் கூடாது. ஒவ்வொரு நிறுவனத்திலும் புகார் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். எச்.ஐ.வி. என்றால் 2017ஆம் ஆண்டுச் சட்டம்: வேலைக்குச் சேர அந்தப் பரிசோதனையைக் கட்டாயமாக்க முடியாது.

சரி, வயது, மதம், பேசும் மொழி, முகவரி? தனியார் வேலைக்கு எடுக்கும் கட்டத்தில் இவற்றுக்கு நேரான சட்டம் இல்லை. இதை மறைத்துச் சொல்லி உங்களை அலைய விட எனக்கு மனமில்லை. ஆனால் தொழிலாளியாகச் சேர்ந்த பிறகு, தகுதியைப் பார்க்காமல் ஒரு தரப்பாருக்கு மட்டும் சலுகை காட்டுவதும், பழிவாங்க வேலையை விட்டு நீக்குவதும் முறையற்ற தொழிலாளர் நடைமுறை என்று தொழிலுறவுச் சட்டம் சொல்கிறது. அதை வைத்துத் தொழிலாளர் துறைக்குப் போகலாம். கடை ஊழியர் என்றால், ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தகுந்த காரணம் இல்லாமல் நிறுத்த முடியாது என்கிறது 1947ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடையில் நிற்கும் தங்கைகளுக்கு இன்னொன்றும்: அதே சட்டத்தில் 2021இல் கொண்டுவந்த திருத்தப்படி உட்கார இருக்கை தர வேண்டும்.

உள்ளே முதலில், பிறகு வெளியே

போலீஸுக்குப் போக வேண்டிய குற்றம் இல்லை என்றால் முதலில் நிறுவனத்துக்குள் எழுத்தில் கொடுங்கள். எச்.ஆர். அறையில் வாயால் சொல்லிவிட்டு வருவது காற்றோடு போய்விடும். ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். என்ன நடந்தது, எந்தத் தேதியில், எந்தச் சட்டப்படி தவறு, என்ன வேண்டும். கடைசி வரிதான் முக்கியம். "நடவடிக்கை எடுக்கவும்" என்று முடிக்காமல், "ஜனவரி முதல் பிடித்த சம்பள வித்தியாசத்தைத் தரவும்" என்பது போல எழுதுங்கள். கையில் வாங்க மறுத்தால் சேர்ந்ததற்கான ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள்.

யூனியன் இருந்தால் சொல்லுங்கள். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் 1918இல் பெரம்பூரில்தான் தொடங்கியது, பின்னி மில் தொழிலாளர்களுக்காக. அதே மில்லில் 1921இல் நடந்த வேலைநிறுத்தம் சாதியால் இரண்டாக உடைந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்ப, புளியந்தோப்பில் கலவரம் மூண்டு வீடுகள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின, கடைசியில் வேலைநிறுத்தமும் தோற்றது. என் தாத்தா காலத்துப் பெரியவர்கள் இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். ஷிஃப்டில் பல தரப்பு ஆட்கள் இருந்தால் மட்டும் போதாது. அவர்களில் ஒருவருக்கு அவமானம் நடந்தால் அது எல்லாருடைய பிரச்சினையாக யூனியன் நோட்டீஸில் வர வேண்டும். உங்கள் யூனியன் "இது உங்க ஆளுங்க விஷயம்" என்று சொன்னால், கூட்டத்தில் எழுந்து நின்று அது ஏன் தவறு என்று கேளுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த யார்டில் அப்போது ஒரு பெண்கூட இல்லை. "லேடீஸ் டாய்லெட் இல்லையே, எப்படி எடுப்பது?" என்பார்கள். பெண்கள் இல்லாததால் டாய்லெட் இல்லை, டாய்லெட் இல்லாததால் பெண்கள் இல்லை. ஒரு ஆய்வுக்குப் பிறகு கழிப்பறை கட்டினார்கள். ஒரு வருஷத்தில் கேட் பதிவில் நான்கு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மனசு மாறட்டும் என்று காத்திருந்திருந்தால் அந்த நான்கு பேரும் இன்னும் வீட்டில்தான் இருந்திருப்பார்கள்.

எங்கே போவது

மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. ராஜாஜி சாலை, சிங்காரவேலர் மாளிகை. கடற்கரை ஸ்டேஷனில் இறங்கி நடக்கலாம். 1923இல் இந்த நகரக் கடற்கரையில் மே தினம் கொண்டாடிய சிங்காரவேலரின் பெயர்தான் அது. திங்கட்கிழமை குறைதீர் நாள். பாலியல் தொல்லைக்கான உள்ளூர்க் குழு பற்றியும் அங்கேயே கேளுங்கள். மீஞ்சூர், கும்மிடிப்பூண்டிப் பக்கம் வேலை என்றால் அது திருவள்ளூர் மாவட்டம். அங்கேதான் போக வேண்டும். சம்பளம், வேலை நீக்கம் பற்றிய புகார் உங்கள் பகுதித் தொழிலாளர் உதவி ஆணையருக்கு. ஆனால் துறைமுகம், ரயில்வே போன்ற மத்திய அரசு இடங்களுக்கு மத்தியத் தொழிலாளர் ஆணையர் அலுவலகம் தனி. இதில் தவறிப்போய் மனு இரண்டு மாதம் சுற்றி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

வக்கீல் வைக்கப் பணம் இல்லை என்று நிற்காதீர்கள். உயர் நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். பெண்களுக்கு 181.

மனு கொடுக்கும்போது இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். உங்கள் பிரதியில் தேதியும் முத்திரையும் போட்டு வாங்குங்கள். மனு எண்ணை நோட்டில் எழுதுங்கள். ஒரு மாதம் பார்த்தும் பதில் வரவில்லை என்றால், 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி, அந்த எண்ணைக் குறிப்பிட்டு, மனு இப்போது யார் மேசையில் இருக்கிறது, அதன் மீது என்ன குறிப்பு எழுதினார்கள் என்று கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அந்தப் பதில் வந்ததும் மூன்றையும், அதாவது முத்திரை போட்ட பிரதி, தகவல் உரிமைப் பதில், உங்கள் நாற்பது பக்க நோட்டு, ஒரே உறையில் போட்டு எடுத்துக்கொண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள்.